பௌர்ணமி நாளில் எத்தனை தட்டு

செங்கம் சாலையிலிருந்து பிரிந்து போகும் ஒரு தெருவின் கடைசியில் அந்த அரசு நடுநிலைப்பள்ளி இருக்கிறது. சத்துணவு அமைப்பாளராக நான் அங்கே மாற்றலாகிப் போன முதல் நாளே எனக்கு வயிறு எரிந்தது. பதிவேட்டில் மதியம் சாப்பிடும் பிள்ளைகள் தொண்ணூற்று நான்கு பேர். அத்தனை பேருக்கும் அரிசி அளந்து கொடுத்தேன். மணி அடித்து, பரிமாறி முடித்து, பிள்ளைகள் கை கழுவும் சத்தமும் அடங்கிய பிறகு பார்த்தால், அண்டாவில் மூன்றில் ஒரு பங்கு சோறு அப்படியே கிடந்தது.

சமையல் செய்யும் அக்கா அதை ஒரு பிளாஸ்டிக் வாளியில் வாரிக்கொண்டிருந்தார். மாட்டுக்கு எடுத்துப்போக ஒருவர் தினமும் வருவாராம்.

“தினமும் இவ்ளோ மீந்து போவுதாக்கா?”

“இது அன்னதான ஊரு டீச்சர். ரோட்டுக்கு அந்தாண்ட போனா புளிசோறு குடுக்கறாங்க, கேசரி குடுக்கறாங்க. நம்ம சோறு யாருக்கு வேணும்?” என்றார், நிமிராமலே.

நான் அதற்கு முன்னால் பதினான்கு வருடம் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் இருந்தவள். அங்கே சோறு மீந்தது கிடையாது. காலையில் வேர்க்கடலைக் கொல்லையில் அம்மாவோடு நின்றுவிட்டு ஓடிவரும் பிள்ளைகள். தட்டைத் துடைத்து வைத்ததுபோல் சாப்பிடுவார்கள். என் மகள் டவுனில் பிளஸ் ஒன் சேர்ந்ததால்தான் மாற்றல் கேட்டு வந்தேன். சோறு வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்லும் ஒரு பள்ளியை நான் அதுவரை பார்த்ததில்லை.

எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தினமும் போனில் பதிவு செய்ய வேண்டும். “தொண்ணூறுன்னு போட்டுடுங்க டீச்சர், எப்பவும் அப்பிடித்தான்” என்றார் அக்கா. நான் அறுபத்து மூன்று என்று பதிந்தேன். மறுநாள் காலையில் ஒன்றிய அலுவலகத்திலிருந்து சத்துணவைப் பார்க்கும் அதிகாரி கூப்பிட்டார். கண்டிப்பான பெண்மணி என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“என்னம்மா, நீங்க போன அன்னைக்கே முப்பது பேர் காணாம போயிட்டாங்களா?”

“முன்னாடியே இல்ல மேடம். நான் இப்பதான் எண்ணுனேன்.”

“சரி, எண்ணிக்கிட்டே இருங்க” என்று வைத்துவிட்டார். திட்டினாரா, பாராட்டினாரா என்று எனக்கு விளங்கவில்லை. நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அது என் சுபாவம்.

அடுத்த ஒரு வாரம் மதிய நேரத்தில் நான் சமையல் கூடத்தில் நிற்கவில்லை. பள்ளியின் பின்பக்கம் போய் நின்றேன். கழிவறைக்குப் பக்கத்தில் சுற்றுச்சுவர் இடிந்து ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. மணி அடித்ததும் ஆறாவது, ஏழாவது, எட்டாவது பிள்ளைகள் அதன் வழியாக வெளியே போனார்கள். ஒரு தெரு தாண்டினால் கிரிவலப் பாதை. அங்கே யாராவது ஒருவர் வேனை நிறுத்திச் சாமியார்களுக்கும் நடந்து வருகிறவர்களுக்கும் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருப்பார். வெளியூர்க்காரர்கள், பாதிப்பேர் ஆந்திரா, பெங்களூர்ப் பக்கம். சீருடையில் வரும் பிள்ளைகளைப் பார்த்தால் அவர்களுக்கு இன்னும் சந்தோஷம். இரண்டு பொட்டலமாகக் கொடுப்பார்கள்.

தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

“சாமி பேரைச் சொல்லிக் குடுக்கறாங்க. எப்படிம்மா தடுக்கறது?” என்றார்.

“தடுக்க வேணாம் சார். செவுத்த மட்டும் அடைச்சுக் குடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

அவர் மனு எழுதினார். சுவர் எழும்பவில்லை, முள்ளுக் கம்பிதான் வந்தது. பிள்ளைகள் அதற்கு மேலே ஒரு சாக்கைப் போட்டுத் தாண்டிப் போனார்கள். காலை வணக்கக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர், “இனிமே வெளிய போறவங்க அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வரணும்” என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை பிறகு எங்களுக்கே வினையாக வந்தது.

எனக்கு அப்போதே தெரிந்த ஒன்று, பயமுறுத்திச் சோறு போட முடியாது என்பது. ஏன் நம் சோற்றை விட்டுப் போகிறார்கள் என்று பார்த்தேன். பார்த்தால் காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. பத்து மணிக்கே சாதம் வடித்துவிடுவார்கள். பன்னிரண்டரைக்கு அது காய்ந்து கட்டியாகிவிடும். பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேப்பமரத்து நிழல் இருந்தும் அங்கே உட்கார முடியாது. மலையிலிருந்து இறங்கும் குரங்குகள் அந்த மரத்தில்தான் காத்திருக்கும். தட்டில் முட்டை விழுந்த மறு நிமிஷம் குரங்கு கையில் இருக்கும். சாம்பாரைப் பற்றி நான் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். தண்ணீரில் மஞ்சள் கரைத்ததுபோல் இருந்தது.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். இருபது வருடமாக அந்த அடுப்படியில் நின்றவர்.

“நீங்க வந்து ஒரு மாசங்கூட ஆவுல. எனக்குச் சமைக்கத் தெரியலன்றீங்க.”

“தெரியலன்னு சொல்லலக்கா. நீங்க மனசு விட்டுட்டீங்கன்னு சொல்றேன். ஞாயித்துக்கிழம உங்க வீட்ல வெக்கிற சாம்பார இங்க வெச்சுப் பாருங்க. ஒரே ஒரு நாளு.”

“வீட்ல நாலு பேரு. இங்க நூறு பேரு.”

“அரிசிய பதினோரு மணிக்குப் போடலாம். பருப்ப நான் வேக வெக்கறேன். நீங்க தாளிப்ப மட்டும் பாருங்க.”

அவர் கரண்டியை எடுத்து மறுபடி அண்டாவைக் கிளற ஆரம்பித்தார். ஆனால் அடுத்த வியாழக்கிழமை வீட்டிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தில் வறுத்துப் பொடித்த தனியாவும் வெந்தயமும் கொண்டுவந்தார். பெருங்காயம் எண்ணெயில் விழுந்ததும் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அன்று சாம்பார்ச் சட்டியை வழித்துப் போட்டோம். நான் தலைமை ஆசிரியரைக் கெஞ்சி, பிள்ளைகளை வகுப்பறை வராந்தாவில் உட்கார வைக்க அனுமதி வாங்கினேன். சாப்பிட்ட பிறகு வராந்தாவைக் கழுவிவிடுவது என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தேன். நான்கு மாதத்தில் எண்ணிக்கை எழுபது, எழுபத்தைந்து, எண்பது என்று ஏறியது. பௌர்ணமி வரும் பள்ளி நாளில் மட்டும் ஐம்பதுக்கு இறங்கும். அன்றைக்குப் பாதை முழுக்கப் பொட்டலம்.

கிராமத்துப் பள்ளியில் பழகிய இரண்டு பழக்கங்களை இங்கேயும் கொண்டுவந்திருந்தேன். ஒன்று, பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, தட்டு வாங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நேராக ஒரு கோடு போடுவது. இன்னொன்று, பரிமாறுவதற்கு முன் அன்றைய சோற்றிலும் குழம்பிலும் கொஞ்சம் எடுத்து, மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் மறுநாள் வரை வைத்திருப்பது. விதி அப்படித்தான் சொல்கிறது. எல்லோரும் செய்வதில்லை.

“யாருக்கு டீச்சர் இந்தப் படையலு?” என்று அக்கா சிரிப்பார்.

“என் நிம்மதிக்கு” என்பேன்.

அந்தப் பங்குனி மாதப் பௌர்ணமி ஒரு வியாழக்கிழமை வந்தது. காலையிலேயே தெருவில் கால் வைக்க இடமில்லை. சாம்பார் சாதம், முட்டை. சாம்பாரில் பரங்கிக்காய். தலைமை ஆசிரியர் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஐம்பத்தெட்டு பேர் சாப்பிட்டார்கள். நானும் அக்காவும் அதே சோற்றைத்தான் சாப்பிட்டோம்.

இரண்டரை மணிக்கு ஏழாம் வகுப்பில் ஒரு பெண் வாந்தி எடுத்தாள். வெயில் என்று நினைத்து முகம் கழுவிவிட்டோம். பத்து நிமிடத்தில் எட்டாம் வகுப்பில் இரண்டு பேர். பிறகு ஆறாம் வகுப்பில். மூன்று மணிக்குப் பதினொரு பிள்ளைகள் வராந்தாவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். கிரிவலக் கூட்டத்தில் வண்டி உள்ளே வர முடியாமல் செங்கம் சாலையிலேயே நின்றுவிட்டது. ஆட்டோக்காரர்கள் நான்கு பேர் கேட்காமலே வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் அதில் ஏற்றினார்கள். அவர்கள் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

சேதி தெருவுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும். கேட்டில் பெற்றோர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். முதலில் வாந்தி எடுத்த பெண்ணின் அம்மா, ஆசிரமம் பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் அறைகள் சுத்தம் செய்கிறவர், வேலை உடுப்போடு ஓடிவந்திருந்தார். நேராகச் சமையல் கூடத்துக்குள் போய் அக்காவின் எதிரில் நின்றார்.

“எம் பொண்ணுக்கு சோத்துல இன்னா கலந்து போட்ட?”

அக்கா அப்போது அண்டா கழுவிக்கொண்டிருந்தார். கையில் நார். நாரோடு அப்படியே எழுந்து நின்றார். ஒருவர் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் நடுவில் போய் நின்றேன்.

“இந்த சோத்த நானும் துன்னேன்மா. இவங்களும் துன்னாங்க. நாங்க நிக்கறோம் பாருங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க, உங்க பொண்ணு உங்கள தேடும். எங்கிட்ட கேக்க வேண்டியத அப்புறம் வந்து கேளுங்க, நான் எங்கயும் போவ மாட்டேன்.”

அவர் போனார். சோற்றின்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. உலை வைத்ததிலிருந்து பரிமாறியது வரை நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

நான்கு மணிக்கு ஒன்றிய அதிகாரி வந்தார். கூடவே உணவுப் பாதுகாப்பு அலுவலர். அதிகாரி அண்டாவைப் பார்த்தார், கிடங்கில் அரிசி மூட்டையைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தார்.

“மாதிரி எடுத்து வெச்சீங்களா?”

அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். தேதியும் நேரமும் எழுதி ஒட்டியிருந்தது. அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தார்.

“இதைப் பரிசோதனைக்கு அனுப்பணும். முடிவு வர சில நாள் ஆகும். அதுவரைக்கும் இந்தக் கூடத்தைப் பூட்டறேன். சாப்பாடு பக்கத்துப் பள்ளியிலேருந்து வரும்.”

“பூட்டுங்க மேடம். ஆனா ஒரு நிமிஷம் இந்தப் பட்டியலையும் பாத்துட்டுப் போங்க.”

ஆஸ்பத்திரிக்குப் போன பதினொரு பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பட்டியலோடு சேர்த்து வைத்தேன். ஒன்பது பேருக்கு நேராகக் கோடு இல்லை. அவர்கள் அன்று என்னிடம் தட்டே வாங்கவில்லை.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தார். “மீதி ரெண்டு பேர்?”

“அவங்க சாப்ட்டாங்க மேடம். அதுக்கப்புறம் வேற ஏதாவது சாப்ட்டாங்களான்னு எனக்குத் தெரியல. வெளிய போயிருப்பாங்கன்னு நெனைக்கறேன்.”

“நினைக்கறதை நான் எழுத முடியாதும்மா. பிள்ளைங்க எல்லாரும் ஸ்கூல் சாப்பாடுதான் சாப்பிட்டோம்னு சொல்றாங்களாம். இப்பதான் ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்தது.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெளியே போகிறவர்கள் அப்பா அம்மாவைக் கூட்டிவர வேண்டும் என்று நாங்கள்தானே பயமுறுத்தியிருந்தோம். வயிற்று வலியோடு படுத்திருக்கும் பிள்ளை அதை மறந்துவிடுமா. அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலைமை ஆசிரியர் தன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். வழி முழுக்கக் கூட்டம். வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கிப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது.

பிள்ளைகளுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. யாருக்கும் ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னதும்தான் எனக்கு உயிர் வந்தது. முதலில் வாந்தி எடுத்த பெண்ணின் கட்டிலுக்குப் போனேன். அவள் அம்மா தலைமாட்டில் நின்று என்னை முறைத்தார். நான் அந்தப் பெண்ணின் காலருகே உட்கார்ந்தேன்.

“இப்ப வலி கம்மியா இருக்குதா?”

தலையாட்டினாள்.

“என்னா சாப்ட்ட மத்தியானம்?”

“சாம்பார் சோறு டீச்சர்.”

“சாம்பார்ல என்ன காய் போட்டுருந்தோம்?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “முருங்கக்கா.”

நான் சும்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முருங்கைக்காய் இல்லை என்று சொல்லக்கூட இல்லை. அவளுக்கே தெரிந்துவிட்டது. கண் நிறைந்தது. ஊசி போட்ட கையை அசைக்காமல் இன்னொரு கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“உன்ன யாரும் திட்ட மாட்டாங்க” என்றேன். “அப்பா அம்மாவ கூட்டினு வரச் சொல்ல மாட்டாங்க. நான் பாத்துக்கறேன். நீ என்னா சாப்ட்டன்னு சொன்னாதான் டாக்டர் மத்தவங்களுக்கும் சரியா மருந்து குடுப்பாரு.”

“தேங்கா சோறு” என்றாள், விரல்களுக்கு உள்ளிருந்து. “வெள்ள வேன்ல குடுத்தாங்க. நாங்க பதினோரு பேரும் போனோம். ஒரு மாதிரி கொழகொழன்னு இருந்துச்சு. பசிச்சிது, துன்னுட்டோம்.”

அவள் அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவர் முகத்தில் கோபம் வடிந்து வேறு ஒன்று வந்தது. நான் அதைப் பார்க்க விரும்பவில்லை. எழுந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்தேன். அந்தப் பெண் அவரிடமும், பிறகு வந்த அதிகாரியிடமும் அதையே சொன்னாள். அவள் சொன்ன பிறகு மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சாம்பார் சாதம் சாப்பிட்டிருந்த அந்த இரண்டு பேர், அதன்மேல் தேங்காய்ச் சோற்றுக்கும் போயிருக்கிறார்கள். ஏன் என்று அதிகாரி கேட்டதற்கு, “எல்லாரும் போனாங்க மேடம்” என்றான் ஒருவன். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் பதினொரு பேரும் வீடு திரும்பினார்கள். அடுத்த வாரம் பரிசோதனை முடிவு வந்தது. எங்கள் சோற்றிலும் குழம்பிலும் குற்றம் இல்லை. அதிகாரி தானே வந்து பூட்டைத் திறந்தார். அந்தப் பெயர்ப் பட்டியலை நகல் எடுத்துக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். மற்ற பள்ளிகளுக்கும் காட்டப் போகிறாராம். ஆனால் அடுப்புப் பற்ற வைக்க அக்கா வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“பூட்ட தொறந்துட்டாங்கக்கா.”

“தெரியும்.”

“நம்ம சோத்துல ஒன்னும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க.”

“தாளுல எழுதிட்டா ஆச்சா டீச்சர்? இருவது வருசம் ஆக்கிப் போட்ட கை இது. எல்லாரும் பாக்க இன்னா கலந்தன்னு கேட்டுட்டா. அந்தப் படத்த எம் மருமவன் ஊர்ல கூட பாத்துட்டாங்க. நான் இனிமே வரல.”

கெஞ்சினால் அவர் இன்னும் இறுகிவிடுவார் என்று எனக்குத் தெரியும். “சரிக்கா” என்றேன். “நாளைக்கு நானே ஆக்கிடறேன். முருங்கக்கீரை சோறு. உங்க அளவுக்கு வராது. ஆனா பசங்க ஏதோ துன்னுடுவாங்க.”

“கீரைய எப்ப போடுவீங்க?” என்று கேட்டார், புளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அரிசியோடவே போட்டுடுவேன்.”

அவர் கை நின்றது. “அரிசியோட போட்டா கசந்து போயிடும் டீச்சர்.”

“அப்பிடியா” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் எட்டரைக்கு நான் போனபோது சமையல் கூடம் திறந்திருந்தது. அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “பருப்ப கழுவிப் போடுங்க” என்றார். நான் கழுவிப் போட்டேன்.

சோறு பழையபடி ஆனாலும் எனக்கு ஒரு குறை இருந்தது. கேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால்தானே அந்த நாள் அப்படி ஆனது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன்: தினமும் ஒரு அம்மா பன்னிரண்டு மணிக்கு வரட்டும், சமையல் கூடத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் பார்க்கட்டும், முதல் தட்டைச் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும், பிறகு பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறோம். தலைமை ஆசிரியர் தயங்கினார். தினமும் ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். சொல்லட்டும் சார், அதற்குத்தானே கூப்பிடுகிறோம் என்றேன்.

முதல் நாள் யார் வருவது என்று கேட்டபோது எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து, முதலில் வாந்தி எடுத்த பெண்ணின் அம்மா, “நான் வரேன்” என்றார்.

வந்தார். விடுதியில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு வந்திருந்தார். சமையல் கூடத்து வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே நுழையாமல் நின்றார். அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன். இதை அவர்கள் இருவரும்தான் முடிக்க வேண்டும்.

“அன்னிக்கு நான் பேசனது தப்புக்கா” என்றார் அந்த அம்மா. “புள்ள வாந்தி எடுக்குதுன்னு சொன்னாங்க, எனக்கு ஒன்னும் ஓடல.”

அக்கா கரண்டியால் ஒரு தட்டில் சோறு வைத்தார். அதன்மேல் கொண்டைக்கடலையைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார். தட்டை நீட்டினார்.

“துன்னுட்டு சொல்லு.”

அவர் நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டார். “உப்பு கொஞ்சம் கம்மிக்கா.”

அக்கா ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“ஆமா, கம்மிதான்” என்று சொல்லிவிட்டு உப்பு ஜாடியை எடுத்தார்.

வெள்ளை வேன்காரரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வருகிறவர் என்று பாதையில் கடை வைத்திருந்தவர்கள் சொன்னார்கள். அடுத்த பௌர்ணமிக்கு முதல் நாளே வந்து ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். நானும் தலைமை ஆசிரியரும் போய்ப் பார்த்தோம். ஆந்திராவில் விதைக் கடை வைத்திருக்கிறவர். அறுபது வயது இருக்கும். தமிழ் திக்கித் திக்கிப் பேசினார். நாங்கள் சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து முதலில் எழுந்து நின்றுவிட்டார். நடந்ததைத் தலைமை ஆசிரியர் மெதுவாகச் சொன்னார். அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. தேங்காய்ச் சோற்றைப் பொழுது விடிவதற்கு முன்பே ஆக்கிச் சூட்டோடு கட்டி வேனில் ஏற்றியிருக்கிறார்கள். ஆறு மணி நேரம் வெயிலில் நின்ற வேன்.

“பிள்ளைங்களுக்கு நான் அப்படி செஞ்சேனா” என்று அவர் இரண்டு முறை கேட்டார். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க நல்லதுக்குத்தான் குடுத்தீங்க சார்” என்றேன். “தேங்கா சோறு மட்டும் வேணாம், வெயில் காலத்துல தாங்காது. ஸ்கூல் நேரத்துல பசங்களுக்கு எதுவும் குடுக்காதீங்க. குடுக்கணும்னு மனசு இருந்தா நாலு மணிக்கு மேல பழம் குடுங்க. மத்தியானம் அவங்களுக்கு நான் போடறேன்.”

“நீங்க போடற சாப்பாடு நல்லாயிருக்குமா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“நாளைக்கு வந்து சாப்ட்டுப் பாருங்க.”

வந்தார். சுவை பார்க்க வந்திருந்த ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில், வராந்தாவில் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து தக்காளிச் சாதம் சாப்பிட்டார். இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். முட்டை சாப்பிட மாட்டார் என்பதால் பக்கத்திலிருந்த பையனுக்கு லாபம். கை கழுவிக்கொண்டு வந்து, பிள்ளைகள் வெயிலில் தட்டு கழுவுகிறார்களே, ஒரு கூரை போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். தலைமை ஆசிரியரிடமும் அலுவலகத்திலும் எழுதிக் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள் என்றேன். அவர் எழுதினார். கூரைக்கு அனுமதி வர ஒரு வருடம் ஆனது, ஆனாலும் வந்தது.

அந்தப் பௌர்ணமி அன்று நான் பின்பக்கம் போய் நிற்கவில்லை. கம்பி வேலிமேல் சாக்கு கிடந்ததா என்றும் பார்க்கவில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு தட்டு கொடுக்கும் இடத்திலேயே நின்றேன். எட்டாம் வகுப்பு வரிசை வரும்போது எனக்குக் கொஞ்சம் படபடப்பாகத்தான் இருந்தது. வந்தார்கள். எண்பத்தொன்பது பேர் பள்ளிக்கு வந்திருந்தார்கள், எண்பத்தெட்டுக் கோடுகள். மிச்சம் ஒரு நான்காம் வகுப்புப் பெண். அவள் எங்கே என்று தேடினால், வராந்தாவின் கடைசியில் ஒரு பெரிய டிபன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எங்க அக்காவுக்கு வளைகாப்பு டீச்சர்” என்றாள். “அஞ்சு வக சோறு இருக்குது. உங்களுக்கும் சமைக்கற ஆயாவுக்கும் சேர்த்து அம்மா கட்டிக் குடுத்தாங்க.”

எத்தனை மணிக்கு ஆக்கினார்கள் என்று கேட்டேன். அதைக் கேட்டு அக்கா சிரித்தே விட்டார். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, நாங்கள் மூவரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.